பலகைக்குப் பக்கத்தில் ஒட்டிய தாள்

மக்கள் வந்து போகிற அலுவலகம் எதற்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் சுவருக்குத்தான் போகும். கண்ணாடி போட்ட அறிவிப்புப் பலகை ஒன்று கட்டாயம் இருக்கும். உள்ளே அச்சடித்த தாள்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. கீழே முத்திரை, கையெழுத்து, ஒரு சின்னப் பூட்டு. யாரும் அதன் முன்னால் நிற்பதில்லை. அதற்கு நாலடி தள்ளி, கவுன்ட்டர் கண்ணாடியிலேயே, ஸ்கெட்ச் பேனாவால் எழுதி செலோடேப் போட்டு ஒட்டிய வெள்ளைத் தாள் ஒன்று இருக்கும். 'ஜெராக்ஸ் 2. ஒரிஜினலைக் காட்டினால் போதும், கொடுக்க வேண்டாம். போட்டோவை ஒட்டாதீர்கள், பின் அடிக்காதீர்கள்.' வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் படிப்பது அதைத்தான். ஒருமுறை படித்துவிட்டு, கையிலிருக்கும் காகிதங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, மறுபடியும் படிப்பார்கள்.

அந்தத் தாளை எழுதியவர் யாரென்று ஊகிப்பது கஷ்டமில்லை. ஒரே கேள்விக்கு நாள் முழுக்கப் பதில் சொல்லி அலுத்துப்போன யாரோ ஓர் எழுத்தர். மக்களுக்கு விதிகளைப் புரியவைக்க வேண்டும் என்ற பெரிய எண்ணமெல்லாம் அவருக்கு இருந்திருக்காது. தொண்டை வலிக்காமல் வீட்டுக்குப் போனால் போதும் என்றுதான் எழுதியிருப்பார். இருந்தாலும் அந்தக் கட்டடத்தில் வருகிறவர்களை மனதில் வைத்து எழுதப்பட்ட ஒரே ஆவணம் அதுதான். பூட்டிய பலகைக்குள் இருப்பது, நாளைக்கு ஏதாவது பிரச்சினை வந்தால் 'அதான் அறிவிச்சிருக்கோமே' என்று காட்டுவதற்காக அலுவலகம் தனக்குத் தானே எழுதிக்கொண்டது.

ஒரு விதியை வெளியிட்டுவிட்டாலே அது எல்லோருக்கும் தெரிந்துவிட்டதாக எடுத்துக்கொள்வது ஆட்சி நடத்துகிறவர்களின் மிகப் பழைய பழக்கம். அதைச் சோம்பேறித்தனம் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் விதி தெளிவாகத் தெரியாமல் கிடப்பதில் எப்போதும் யாரோ ஒருவருக்கு லாபம் இருக்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் பெரிய உறுத்தல் அதுதான்.

'சட்டம் தெரியாது என்பது சாக்காகாது' என்ற கோட்பாடு உலகின் பெரும்பாலான நீதிமன்றங்களில் செல்லும். அது இல்லாவிட்டால் பிடிபட்ட ஒவ்வொருவரும் 'எனக்குத் தெரியாதே' என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்கள். நியாயம்தான். ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. நீ தெரிந்துவைத்திருந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறவருக்கு, தெரியப்படுத்தும் கடமையும் சேர்ந்தே வருகிறது. இந்த மறுபக்கத்தைப் பழங்கால அரசர்கள் சிலர் நன்றாகவே புரிந்துவைத்திருந்தார்கள்.

பாபிலோனை ஆண்ட ஹம்முராபியின் சட்டக் கல்தூண் இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கரும்பாறை, இரண்டே கால் மீட்டர் உயரம், கிட்டத்தட்ட 3,800 வருடப் பழசு. எல்லோரும் பேசுவது அதிலிருக்கும் 'கண்ணுக்குக் கண்' தண்டனைகளைப் பற்றித்தான். எனக்குப் பிடித்தது அதன் முடிவுரை. அநியாயத்துக்கு ஆளானவன், வழக்கு உள்ளவன், இந்தத் தூணின் முன்னால் வரட்டும், இதிலிருப்பதை அவனுக்குப் படித்துக் காட்டட்டும், தன் வழக்கு எப்படிப்பட்டது என்று அவன் தெரிந்துகொண்டு மனம் தேறட்டும் என்கிறது அது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்கே இருந்த காலம். அந்தத் தூண் யாருக்காக நிறுத்தப்பட்டதோ அவர்களால் அதைப் படிக்க முடியாது என்பது எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கான ஏற்பாட்டையும் கல்லிலேயே சொல்லிவிட்டார்.

அசோகர் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒடிசாவின் தௌலி, ஜௌகடா பாறைகளில் அவர் தம் அதிகாரிகளுக்கு வெட்டிவைத்த ஆணையில், குறிப்பிட்ட நட்சத்திர நாட்களில் இதை வாசித்துக் கேட்கச் செய்ய வேண்டும் என்று இருக்கிறது. இடையிலும் வாசிக்கலாம், ஒரே ஓர் ஆள் இருந்தாலும் வாசிக்கலாம் என்று வேறு சேர்த்திருக்கிறார். ஒரே ஓர் ஆள்! இடத்துக்கு இடம் எழுத்தும் மொழியும்கூட மாறின. பெரும்பாலான இடங்களில் பிராமி, வடமேற்கே கரோஷ்டி. 1958இல் காந்தஹாரில் கிடைத்த பாறை கிரேக்கத்திலும் அராமிய மொழியிலும் பேசுகிறது. அங்கே இருந்தவர்கள் அந்த மொழிகளைப் பேசினார்கள், அவ்வளவுதான் காரணம்.

எதிர்த் திசையில் போனவர் ரோமப் பேரரசர் காலிகுலா. புதுப்புது வரிகளை வாயால் அறிவித்துவிட்டு, எழுத்தில் வெளியிடாமலேயே வசூலித்தாராம். மக்கள் கூச்சல் போட்டதும் சரி என்று சட்டத்தை ஒட்டினார். மிகப் பொடி எழுத்தில், யாரும் நகல் எடுக்க முடியாத ஒடுக்கமான இடத்தில். சுவெட்டோனியஸ் என்ற ரோம எழுத்தாளர் எழுதிவைத்த கதை இது. அவர் காலிகுலாவைப் பற்றி நல்லதாகச் சொல்லியிருப்பது சொற்பம் என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும். ஆனால் கடன் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்த எவருக்கும் இதை நம்புவதில் சிரமம் இருக்காது.

ரோமிலிருந்து எனக்கு இதைவிடப் பிடித்த கதை ஒன்று இருக்கிறது. சட்டம் என்ன சொல்கிறது என்பது ஆரம்பத்தில் மேல்குடியினருக்கும் அவர்களில் இருந்த புரோகிதர்களுக்கும் மட்டுமே தெரிந்திருந்தது. சாதாரணக் குடிகளான பிளெபியர்கள் பல வருடம் போராடி, பொது ஆண்டுக்கு முன் (பொ.மு.) 451–450 வாக்கில் சட்டங்களை எழுத்தில் வாங்கினார்கள். அவைதான் பன்னிரண்டு பலகைகள், ஊர் நடுவே மன்றத்தில் வைக்கப்பட்டவை. சரி, இத்தோடு பிரச்சினை தீர்ந்ததா? தீரவில்லை. சட்டம் வெளியே வந்துவிட்டது, நடைமுறை உள்ளேயே இருந்தது. வழக்குத் தொடர எந்த வாசகத்தை அப்படியே சொல்ல வேண்டும், எந்தெந்த நாளில் வழக்குத் தொடரலாம் என்பதெல்லாம் புரோகிதர்களின் வசம். வாசகத்தில் ஒரு சொல் பிசகினால் வழக்கே போய்விடும். ஆக, உரிமை பலகையில் இருந்தும், அதைக் கேட்கப் போகிறவன் மறுபடியும் அதே மேல்குடி வீட்டு வாசலில்தான் போய் நிற்க வேண்டும். இந்த நிலை ஏறத்தாழ 150 வருடம் நீடித்தது.

அதை உடைத்தவர் க்னேயஸ் ஃபிளாவியஸ் என்பவர். விடுதலை பெற்ற அடிமை ஒருவரின் மகன். தொழில்? எழுத்தர்! அந்த வாசகங்களை வெளியிட்டார். பொ.மு. 304இல், எந்த நாட்களில் வழக்குத் தொடரலாம் என்ற பட்டியலை வெள்ளைப் பலகைகளில் எழுதி மன்றத்தைச் சுற்றி வைத்தார். அவர் அந்த வருடம் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதில் ஆத்திரமடைந்த மேல்குடியினர் பலர் தங்கள் தங்க மோதிரங்களைக் கழற்றிவிட்டார்கள் என்று ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். ஒரு பட்டியலைச் சுவரில் மாட்டுகிற ஆளைப் பார்த்து அவ்வளவு கோபம் ஏன் வர வேண்டும்? தேதி தெரியாமல் கேட்க வருகிறவன் இருந்தால்தானே தேதி தெரிந்தவனுக்கு மரியாதை.

இந்தக் கதை ரோமோடு முடிந்துவிடவில்லை. இன்றைக்கும் விதியின் வாசகம் இணையத்தில் எங்காவது கிடைத்துவிடும். கிடைக்காதது நடைமுறை. எந்தப் படிவம், எந்த ஜன்னல், மதியத்துக்கு முன்னாலா பின்னாலா, யார் கையெழுத்து, கணவர் சார்பில் மனைவி வந்தால் வாங்கிக்கொள்வார்களா? ஓர் அலுவலகத்தின் உண்மையான விதிகள் வேண்டுமானால் வாசலில் நிற்கும் காவலாளியைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அவருக்கு எல்லாம் தெரியும். அவருக்குத் தெரிந்ததை ஒரு தாளில் எழுதி வாங்கினாலே பாதிக் கூட்டம் குறைந்துவிடும். அதை யாரும் செய்வதில்லை.

நீதிமன்றங்களும் இந்த இடத்தில் வந்து முட்டிக்கொண்டிருக்கின்றன. இரண்டு தீர்ப்புகளைச் சொல்கிறேன்.

முதலாவது இந்தியாவில், 1951. ஹர்லா எதிர் ராஜஸ்தான் அரசு. ஜெய்ப்பூர் அபின் சட்டத்தின் கீழ் ஒருவருக்கு அபராதம் விதிக்கப்பட்டிருந்தது. அந்தச் சட்டம் பிறந்த கதையைத் தோண்டிப் பார்த்தால், 1923இல் ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் அமைச்சரவை ஒரு தீர்மானம் போட்டிருக்கிறது. அவ்வளவுதான். அரசிதழில் வரவில்லை, வேறெந்த விதத்திலும் மக்களுக்குச் சொல்லப்படவில்லை. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி விவியன் போஸ் அதை ஏற்கவில்லை. பொதுமக்கள் நுழைய முடியாத ஓர் அறைக்குள் எடுத்த முடிவு, வெறும் தீர்மானமாக இருந்துகொண்டே அவர்களுடைய வாழ்வையும் சுதந்திரத்தையும் சொத்தையும் பாதிக்கலாம் என்ற எண்ணமே நாகரிக மனிதனுக்கு அருவருப்பானது என்ற கருத்தில் எழுதினார். சட்டம் அமலுக்கு வர வேண்டுமானால் ஏதோ ஒரு நியாயமான வழியில் அது வெளியிடப்பட்டிருக்க வேண்டும் என்பது தீர்ப்பு. தண்டனை ரத்தானது.

இரண்டாவது அமெரிக்காவில், 1957. கடும் குற்றத்துக்குத் தண்டனை பெற்ற எவரும் லாஸ் ஏஞ்சலஸில் ஐந்து நாளுக்கு மேல் தங்கினால் காவல்துறையிடம் பெயரைப் பதிய வேண்டும் என்று ஒரு நகர விதி. பல வருடமாக அங்கேயே வசித்த ஒரு பெண் பதியவில்லை. இப்படி ஒரு விதி இருப்பதே அவருக்குத் தெரியாது. சும்மா ஓர் ஊரில் வசிப்பதே குற்றமாகும் என்று யாருக்குத்தான் தோன்றும்? 5–4 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. இப்படித் தண்டிப்பது, படிக்க முடியாத பொடி எழுத்திலோ அந்த ஊர் மக்களுக்குத் தெரியாத மொழியிலோ சட்டம் எழுதுவதற்குச் சமமான தீமை என்றார் நீதிபதி டக்ளஸ். காலிகுலாவை அவர் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. தேவையும் இல்லை.

இரண்டுமே நல்ல தீர்ப்புகள். ஆனால் இரண்டும் விதி மக்களைத் துளிகூட எட்டாத வழக்குகள். நம் அன்றாடப் பிரச்சினை அதுவல்ல. விதி எட்டுகிறது. எட்டியும் புரியவில்லை. அதற்கு எந்த நீதிமன்றமும் நிவாரணம் தருவதாகத் தெரியவில்லை.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். இதை எந்த அலுவலகத்திலிருந்தும் எடுக்கவில்லை, ஆனால் எல்லோரும் எங்கேயோ படித்ததாகத்தான் தோன்றும்: 'விண்ணப்பதாரர் தமது விண்ணப்பத்துடன் உரிய அதிகாரியால் சான்றொப்பமிடப்பட்ட தகுந்த ஆவணங்களின் நகல்களை இணைக்காத பட்சத்தில் அன்னாரது விண்ணப்பம் பரிசீலிக்கப்பட மாட்டாது.'

இதைப் பார்த்ததும் பலர் சொல்வது, தமிழை எளிமைப்படுத்துங்கள் என்று. 'அன்னாரது' போகட்டும், 'பட்சத்தில்' போகட்டும். செய்து பாருங்களேன். 'உங்கள் விண்ணப்பத்தோடு, சரியான அதிகாரி கையெழுத்துப் போட்ட, தேவையான ஆவணங்களின் நகல்களை வையுங்கள். இல்லாவிட்டால் விண்ணப்பத்தைப் பார்க்க மாட்டோம்.' வாசிக்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் படித்தவனுக்கு முன்னைவிட ஒன்றும் கூடுதலாகத் தெரியாது. சரியான அதிகாரி யார்? தேவையானவை எவை? இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் எழுதியவருக்கே தெரியாது, அல்லது அவர் அதைத் தீர்மானிக்க விரும்பவில்லை. 'உரிய', 'தகுந்த' என்பதெல்லாம் முடிவெடுக்காமல் விட்ட இடத்தின் மேல் பூசிய சுண்ணாம்பு. பட்டியலை எழுத உட்கார்ந்தால், வாடகை வீட்டுக்காரர் எதைக் கொண்டுவருவார், பெயர் மாற்றிக்கொண்டவர் எதைக் காட்டுவார் என்று ஒவ்வொன்றாக யோசிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் யாராவது பொறுப்பேற்க வேண்டும். 'தகுந்த' என்று போட்டுவிட்டால் அந்தத் தொல்லையெல்லாம் கவுன்ட்டருக்குப் போய்விடும்.

கவுன்ட்டருக்குப் போகிறது என்றால், ஒரு தனி மனிதரின் கைக்குப் போகிறது. காலையில் உற்சாகமாக இருக்கும்போது 'பரவாயில்ல, இது போதும்' என்பார். மூன்று மணிக்கு வருகிறவனிடம் 'இதெல்லாம் செல்லாது' என்பார். அவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, விதி அவரை அந்த இடத்தில் உட்காரவைத்துவிட்டது. கெட்டவராகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், அந்த 'தகுந்த' என்ற சொல்லே அவருக்கு வருமானம். உள்ளே ஆள் தெரிந்தவனுக்கும், வக்கீல் வைக்க முடிந்தவனுக்கும், நாலு தடவை லீவு போட்டு வர முடிந்தவனுக்கும் மங்கலான விதி பெரிய தடையில்லை. மற்றவர்களுக்குத்தான் அது சுவர்.

இது காகித வேலைக்கு மட்டும் உரிய நோய் என்று நினைத்தால், கொரோனாக் காலத்தில் பிரிட்டனில் நடந்ததைப் பார்க்கலாம். 2021 ஜனவரி. இங்கிலாந்தில் மூன்றாவது முழு ஊரடங்கு. டெர்பிஷயரில் இரண்டு தோழிகள் தனித்தனிக் கார்களில், வீட்டிலிருந்து ஐந்து மைல் போல இருக்கும் ஒரு நீர்த்தேக்கத்துக்கு நடைப்பயிற்சிக்குப் போனார்கள். ஆளுக்கொரு சூடான பானம் கையில். போலீஸ் சூழ்ந்துகொண்டு, தலைக்கு 200 பவுண்டு அபராதம் போட்டது. கையிலிருந்த பானம் பிக்னிக் கணக்கில் வரும் என்றும் சொன்னார்களாம். விஷயம் வெளியே வந்ததும் அபராதத்தைத் திரும்பப் பெற்று, மன்னிப்பும் கேட்டார்கள். ஏனென்றால் சட்டத்தில் ஐந்து மைலும் இல்லை, பத்து மைலும் இல்லை. உங்கள் பகுதியிலேயே இருங்கள் என்பது அரசின் அறிவுரையில் இருந்தது. அறிவுரை வேறு, சட்டம் வேறு. இரண்டையும் ஒரே மேடையில், ஒரே குரலில், ஒரே மாதிரி வாக்கியங்களில் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்ததில், சீருடை போட்டவர்களுக்கே எது எது என்று தெரியாமல் போய்விட்டது.

அதற்கு முன்பே 2020 செப்டம்பரில், வடகிழக்கு இங்கிலாந்தில் யார் யாரைச் சந்திக்கலாம் என்று கேட்டதற்கு ஓர் அமைச்சரால் வானொலியில் பதில் சொல்ல முடியவில்லை. அதே நாளில் பிரதமர் போரிஸ் ஜான்சன் தப்பான பதில் சொல்லி, பிறகு வருத்தம் தெரிவித்தார். இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் நிறைய. எனக்குச் சிரிப்பு வரவில்லை. விதியைப் போட்டவருக்கே மனப்பாடமாகாத விதியை மீறியதற்கு அபராதம் கட்டுவது யார்?

வேடிக்கை என்னவென்றால், அறிவுரையையும் சட்டத்தையும் பிரித்துக் காட்டும் வழி அதே நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. 1931இல் முதலில் வெளிவந்த அவர்களுடைய சாலை விதிக் கையேட்டில், சட்டப்படி கட்டாயமானவற்றுக்கு ஒரு சொல், செய்வது நல்லது என்பதற்கு இன்னொரு சொல். கட்டாயம் என்பதைப் பெரிய எழுத்தில் போட்டுவிடுவார்கள். லைசென்ஸ் வாங்கப் படிக்கிற பையனுக்குக்கூட இந்த வித்தியாசம் தெரியும். ஒரு சின்ன அச்சு ஒழுங்கு, அவ்வளவுதான் தேவைப்படுகிறது.

குறை சொல்லியே போவானேன், ஒழுங்காகச் செய்தவர்களையும் பார்க்கலாம். 1967 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை விடிகாலை 5 மணிக்கு ஸ்வீடன் நாடு முழுவதும் சாலையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. 'டாகன் எச்', அதாவது எச் நாள் என்று அதற்குப் பெயர். 1955இல் இதைப் பற்றி மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியபோது 83 சதவீதம் பேர் வேண்டாம் என்றிருந்தார்கள். அப்படியும் 1963இல் நாடாளுமன்றம் முடிவெடுத்துவிட்டது. அந்த முடிவு சரியா என்று தாராளமாகச் சண்டை போடலாம். மக்கள் சொன்னதைக் கேட்காமல் மாற்றியது எனக்கும் ஒப்பவில்லை. ஆனால் முடிவெடுத்த பிறகு அதை மக்களிடம் கொண்டுசேர்த்த விதம் இருக்கிறதே, அதை ரசிக்காமல் இருக்க முடியாது.

நாலு வருடம் தயார் செய்தார்கள். இதற்கென்றே ஓர் ஆணையம் அமைத்து, உளவியலாளர்களைக் கலந்து திட்டம் போட்டார்கள். வீடு வீடாகக் கையேடு போனது, குடியேறி வந்தவர்களுக்கு அவர்கள் மொழிகளிலும் போனது. எச் நாளின் சின்னத்தைப் பால் அட்டைப்பெட்டியிலிருந்து உள்ளாடை வரை அச்சடித்தார்கள். பாட்டுப் போட்டிகூட வைத்தார்கள். கடைசி இரவில் அவசியமில்லாத வண்டிகளெல்லாம் சாலையை விட்டு இறக்கப்பட்டன. 4.50க்கு ஓடிக்கொண்டிருக்கும் வண்டி நிற்க வேண்டும், மெதுவாக வலப்பக்கம் மாற வேண்டும், மறுபடி நின்று 5 மணி வரை காத்திருக்க வேண்டும். பிறகு கிளம்பலாம். எத்தனை துல்லியம் பாருங்கள். 'தகுந்த நேரத்தில் உரிய பக்கம் மாறவும்' என்று ஒரு சுற்றறிக்கை போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

புதிய பலகைகளையும் சிக்னல்களையும் முன்கூட்டியே நட்டு, கறுப்பு பிளாஸ்டிக் சுற்றி வைத்திருந்தார்கள். அன்று இரவு புதியதைத் திறந்தார்கள், பழையதை மூடினார்கள். அடுத்த நாள் திங்கள்கிழமை விபத்துகள் வழக்கமான திங்கள்கிழமைகளைவிட அதிகமாகவில்லை, குறைந்தே இருந்தன. இதை வைத்துக்கொண்டு வலப்பக்கம்தான் பாதுகாப்பானது என்று வாதாடியவர்கள் உண்டு. அப்படியில்லை. எல்லோரும் பயந்து, கவனமாக ஓட்டினார்கள், வேக வரம்பையும் குறைத்திருந்தார்கள். இரண்டொரு வருடத்தில் விபத்துக் கணக்கு பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் ஒரு நாட்டில் வண்டி ஓட்டுகிற அத்தனை பேரின் கைப்பழக்கத்தையும் ஒரே காலையில் மாற்ற முடிந்தது என்பது மட்டும் நிஜம்.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில்: 'எல்லாத்துக்கும் இப்படி நாலு வருஷமா பிரசாரம் பண்ண முடியும்?' முடியாது. வேண்டியதும் இல்லை. பெரும்பாலான விதிகளுக்கு அவ்வளவு காசு தேவைப்படாது. லாஸ் ஏஞ்சலஸில் ஒரே கம்பத்தில் நாலைந்து பார்க்கிங் பலகைகள் அடுக்கியிருக்கும். காலை 8 முதல் இரண்டு மணி நேரம் நிறுத்தலாம், மாலை 4க்கு மேல் நிற்கவே கூடாது, செவ்வாய்க்கிழமை தெரு கூட்டும் நேரத்தில் எடுத்துவிட வேண்டும், அனுமதிச் சீட்டு உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் தெளிவான வாக்கியம்தான். காரிலிருந்து அண்ணாந்து பார்க்கிறவனுக்கு வேண்டியதோ ஒரே விஷயம்: இப்போது இங்கே நிறுத்தலாமா? அங்கே அபராதம் கட்டிய ஒரு வடிவமைப்பாளர், கிழமைகளைக் குறுக்கிலும் மணிகளை நெடுக்கிலும் போட்டு, நிறுத்தலாம் என்றால் பச்சை, கூடாது என்றால் சிவப்பு என்று ஒரே பலகையாக வரைந்தார். 2015இல் நகர நிர்வாகமே அதே பாணியில் பலகைகளைச் சோதனைக்கு மாட்டிப் பார்த்தது. விதியில் ஓர் எழுத்தும் மாறவில்லை. பலகையின் முன்னால் நிற்கிறவனின் கேள்வியிலிருந்து எழுத ஆரம்பித்தார், அது மட்டும்தான் வித்தியாசம்.

சில சமயம் தெளிவாகச் சொல்வதும் பிசகிப்போகும். அரிசோனாவில் கல்லாகிப்போன மரங்கள் நிறைந்த தேசியப் பூங்கா ஒன்று இருக்கிறது. வருகிறவர்கள் துண்டு துண்டாகப் பொறுக்கிக்கொண்டு போவதுதான் அங்கே தலைவலி. ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் அடையாளமிட்ட துண்டுகளைப் பாதையில் போட்டு, வேறு வேறு பலகைகளை வைத்துப் பார்த்தார்கள். 'முன்பு வந்தவர்கள் பலர் எடுத்துப்போய்விட்டார்கள், அதனால் காடு அழிகிறது' என்ற பாணிப் பலகை இருந்தபோது ஏறக்குறைய 8 சதவீதத் துண்டுகள் காணாமல் போயின. 'தயவுசெய்து எடுக்காதீர்கள்' என்று மட்டும் இருந்தபோது 2 சதவீதம்கூட இல்லை. முதல் பலகை, எல்லோரும் எடுக்கிறார்கள் என்ற தகவலைத் தெளிவாகக் கொண்டுசேர்த்துவிட்டது! 'இங்கே குப்பை கொட்டுகிறவர்களின் எண்ணிக்கை அதிகரித்து வருவதால்' என்று தொடங்கும் அறிவிப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பூங்கா நினைவுக்கு வரும்.

ஆகவே எழுதியதை ஒட்டுவதற்கு முன்னால் யாரிடமாவது காட்டிப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் 1965 முதல் வந்த சாலைப் பலகைகள் ஜாக் கின்னியர், மார்கரெட் கால்வர்ட் இருவரின் வேலை. அந்த எழுத்துகளை முடிவு செய்வதற்கு முன், ஒரு விமானத் தளத்தில் ஆட்களை உட்காரவைத்து, பலகையை மேலே கட்டிய காரை அவர்களை நோக்கி ஓட்டி, எவ்வளவு தூரத்தில் ஊர்ப் பெயரைப் படிக்க முடிகிறது என்று குறித்தார்கள். ஒரு ஊர்ப் பெயருக்கே இவ்வளவு. மக்களின் பணத்தையும் நேரத்தையும் பிடுங்கக்கூடிய ஒரு படிவத்தை, அதை நிரப்பப்போகிற நாலு பேரிடம் கொடுத்து எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்க்க ஒரு மதியம் போதும்.

சட்டத்தை இப்படியெல்லாம் எழுத முடியாது, நீதிமன்றத்தில் நிற்க வேண்டாமா என்று வக்கீல் நண்பர் ஒருவர் சண்டைக்கு வருவார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சட்டத்தின் வாசகம் அதற்கே உரிய கறாரோடு இருந்துவிட்டுப் போகட்டும். நான் கேட்பது அதற்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டிய தாளை. அதை அலுத்துப்போன எழுத்தரின் தலையில் கட்டாமல், விதியைப் போட்டவரே எழுதட்டும். எழுத முடியவில்லை என்றால் விதியை இன்னும் கொஞ்ச நாள் மேஜையிலேயே வைத்திருக்கட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது, யாரும் பேசாதது. விதியை ரத்து செய்தால் அதையும் சொல்ல வேண்டும். கொரோனாவுக்காகத் தரையில் ஒட்டிய வட்டங்களும் அம்புக்குறிகளும் விதி போய் வெகுநாள் கழித்தும் பல இடங்களில் அப்படியே கிடந்தன. மனிதர்கள் அவற்றின் மேலேயே நடந்து பழகிவிட்டார்கள். செத்த விதியை மிதித்துப் பழகியவன், பக்கத்திலேயே உயிரோடு இருக்கும் விதியையும் அப்படித்தான் பார்ப்பான். ஸ்வீடன்காரர்கள் பழைய பலகைகளை அந்த இரவே மூடியதை நான் குறிப்பிட்டது இதற்காகத்தான்.

அறிவிப்பு ஒவ்வொன்றிலும் மூலையில் இரண்டு தேதி இருக்கட்டும் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன். எப்போது ஒட்டியது, எதுவரை செல்லும். ஓர் அலுவலகத்தில் காலாவதியான அறிவிப்பு ஒன்றைக் காட்டி, இதை எடுத்துவிடலாமே என்றேன். அங்கே இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒட்டுறதுதான் சார் எங்க செக்ஷன். கழட்டுறதுக்கு ஆர்டர் வரணும்."

யாரிடமிருந்து வர வேண்டும் என்று கேட்டேன். உரிய அதிகாரியிடமிருந்து என்றார்.